சால்மன் ஆற்றில் இறங்கும் முன் நீர்மட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓடும் சால்மன் ஆற்றின் நடுக்கிளையில் ராஃப்ட் படகு விட, பருவகாலத்தில் குலுக்கல் முறையில்தான் அனுமதி கிடைக்கும். கிடைத்த மகிழ்ச்சியில் பலர் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை.

மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி ஆறு பொங்கும். ஆற்றோர அளவுகோலின் கணக்கு இணையத்தில் உடனுக்குடன் வருகிறது. அன்றைய எண் மட்டும் போதாது, முந்தைய மூன்று நாள்களின் போக்கையும் பாருங்கள். 6 அடியைத் தாண்டி இன்னும் ஏறுகிறது என்றால், கைதேர்ந்தவர்கள்கூடத் தயங்குவார்கள். அனுமதி வீணாகிறதே என்று வீம்புக்கு இறங்காதீர்கள். சுமார் 160 கிலோமீட்டர் வனப்பகுதி அது. வழியில் சாலையும் இல்லை, செல்பேசிச் சிக்னலும் இல்லை. குழுவுக்கு ஒரு செயற்கைக்கோள் தொடர்புக் கருவி கட்டாயம்.

பனிநீர் சில நிமிடங்களிலேயே விரல்களை மரத்துப்போகச் செய்யும். பருத்திச் சட்டை வேண்டாம், ட்ரைசூட் (உள்ளே நீர் புகாத முழு உடை) அணியுங்கள். தலைக்கவசமும் இறுக்கிக் கட்டிய உயிர்காப்பு உடையும் சொல்லாமலே தெரியும்.

படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி கரைப்பக்கம் ஒதுங்குங்கள். குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் கதை வேறு: குப்புறத் திரும்பி, முழு வேகத்தில் நீந்தி விலகுங்கள். முடியாவிட்டால், தலையை முன்னே கொடுத்து அதன்மேல் தாவி ஏறுங்கள்.