மழைக்கால யாங்கூனில் ஜப்பான் கார்பன் கத்தியைப் பாதுகாப்பது எப்படி

மே முதல் அக்டோபர் வரை யாங்கூனில் காற்றே ஈரம், அதனால் ஜப்பானியக் குடும்பப் பட்டறைகளில் கையால் அடித்த ஷிரோகாமி, ஆவோகாமி (இரண்டும் எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகு வகைகள்) கத்தி வாங்கினால் முதலில் துருவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஆவோகாமியில் துருவைத் தடுக்கும் குரோமியம் கொஞ்சம் உண்டு, சரி, ஆனால் அதை நம்பி ஈரத்தோடு விடாதீர்கள்.

மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் நறுக்கும்போது இடையிடையே துணியால் துடையுங்கள், வேலை முடிந்ததும் உடனே கழுவித் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாக எண்ணெய் பூசி வையுங்கள். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். நமக்கு மினரல் ஆயில் போதும், சமையல் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். சாம்பலும் நீலமுமாகப் படிவதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது கத்திக்கு நல்லது. ஆரஞ்சு நிறம் தெரிந்தால்தான் தேய்க்கணும்.

தீட்ட 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பு அளவு) தண்ணீர்க்கல், அதாவது நீர் விட்டுத் தீட்டும் கல், பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வு. எலும்புக்கு வேறு கத்தி எடுங்கள், இதன் விளிம்பு உதிர்ந்துவிடும்.