கரண்ட் வந்த பிறகு மெசினை யார் எழுப்புவது?

கிளிநொச்சியில் நாங்கள் நாலு பேர் இருந்து வேலை செய்யும் அறையில், மேசைக்குக் கீழே அப்பிளின் சின்னக் கொம்பியூட்டரான ஒரு மக் மினியும் ஒரு பழைய லினக்ஸ் பெட்டியும் கிடக்கின்றன. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் யாராவது ஒரு மாற்றத்தைப் புஷ் பண்ணினால் (ஏற்றினால்) போதும். இரண்டும் எங்கள் போன் செயலியைப் பில்ட் செய்து (நிரலைப் போனில் ஓடும் கோப்பாக்கி), சோதித்து, சைன் பண்ணி (எங்களுடையதுதான் என்று டிஜிட்டல் ஒப்பமிட்டு), பிளே ஸ்டோரின் சோதனைப் பகுதிக்கும் அப்பிளின் சோதனைப் பகுதியான டெஸ்ட்ஃபிளைட்டுக்கும் ஏற்றிவிடும். ஐஓஎஸ் (ஐபோன்) செயலியைப் பில்ட் செய்ய எக்ஸ்கோட் என்ற அப்பிளின் மென்பொருள் வேண்டும். எக்ஸ்கோட் மக்கில் மட்டும்தான் ஓடும். வாடகை மக்குக்கு நிமிடக் கணக்கில் டொலர் கட்டுவதைவிட ஒன்றை வாங்கிப் போடுவது எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ஆனால் அது ஒரு சேர்வர் என்பதை மறந்து, அறையில் இன்னொரு கொம்பியூட்டர் என்று நினைத்தோம். மற்ற எல்லாத் தவறும் அதிலிருந்துதான் வந்தது.

ஐப்பசி மாதத்து இடி மழை. பின்னேரம் கரண்ட் ஒருக்கால் போய் வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தம்பி ஒருவன் போன் எடுத்தான். "அண்ணை, பில்ட் க்யூவிலயே நிக்குது, அசையேல்லை." மழைக்குள்ளால் போய்ப் பார்த்தால் மக் மினி நல்ல சுகமாக எழும்பி, கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கிட்ஹப்பிடம் வேலை வாங்கி எங்கள் மெசினில் பில்ட் ஓட்டும் மென்பொருள்தான் ரன்னர். அது மக்கில் யாராவது லொகின் ஆன பிறகுதான் தொடங்கும். லினக்ஸில் அப்படியில்லை, பெட்டி ஓன் ஆனதுமே சேவையாகத் தொடங்கிவிடும். டிஸ்கை மறைகுறியாக்கும் ஃபைல்வோல்ட் போட்டிருந்தால் மக்கில் தானியங்கி லொகின் வேலை செய்யாது. ஆகவே பில்ட் மெசினில் நான் ஃபைல்வோல்டை எடுத்துவிட்டு, தானியங்கி லொகினையும், கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகும் அமைப்பையும் போட்டிருக்கிறேன். பாதுகாப்பு குறைகிறதுதான். அதற்குப் பதிலாக அலுமாரிக்குப் பூட்டு.

யூபிஎஸ் வாங்குகிறவர்கள் மெசினுக்கு மட்டும் வாங்கி, ரவுட்டரை நேரே சுவரில் செருகிவிடுகிறார்கள். கரண்ட் பத்து விநாடி கண் சிமிட்டினாலும் ரவுட்டர் மறுபடி எழும்பி லைன் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும். பாதி ஏறிய பில்ட் அறுந்துவிடும். ரவுட்டர் தின்பது மிகக் கொஞ்சக் கரண்ட். அதை முதலில் யூபிஎஸ்ஸில் போடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அதற்கெல்லாம் எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டதற்கும் தாங்காது. யூபிஎஸ்ஸின் வேலை மெசினை ஒழுங்காக நிற்பாட்ட நேரம் வாங்கித் தருவது, அவ்வளவுதான்.

இன்னொன்று, வெளியிலிருந்து மெசினுக்கு வழி திறக்கப் பார்ப்பது. 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்துசேரக்கூடிய பொது ஐபி முகவரி உங்களுக்கென்று கிடையாது. போர்ட் திறந்து ஒரு பயனும் இல்லை. திறக்கத் தேவையும் இல்லை. ரன்னர் தானே வெளியே போய் "வேலை இருக்கிறதா?" என்று கேட்கும் வகை. ரன்னருக்குப் பதிலாக ஜென்கின்ஸ் என்ற பில்ட் மென்பொருள் வைத்திருந்தால், ரெப்போவை (நிரல் இருக்கும் களஞ்சியத்தை) இடைக்கிடை எட்டிப் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். ஒரு விஷயம்: 14 நாளுக்கு மேல் தொடர்பில்லாத ரன்னரைக் கிட்ஹப் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீண்ட லீவில் போய் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு பில்டுக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்குவது கிளவுட்டில் பழகிய கை. இங்கே அது டேட்டாவைக் கரைக்கும். அன்ட்ரொயிட் பில்ட் கருவியான கிரேடில் இறக்கியதை அப்படியே மெசினில் விட்டுவையுங்கள். எக்ஸ்கோட் பல ஜிபி, இரவு டேட்டாப் பொதியில் இறக்கலாம். அது தானாகப் புதிய பதிப்புக்கு மாறுவதை நிறுத்திவையுங்கள். பழைய சிமுலேட்டர்களையும் (சோதனைக்கான போலிப் போன்கள்) எக்ஸ்கோட் பில்டின்போது சேர்க்கும் டெரைவ்ட் டேட்டாவையும் அவ்வப்போது அழிக்காவிட்டால் டிஸ்க் நிரம்பி, சம்பந்தமே இல்லாத பிழைச் செய்தி வரும்.

சாவி விஷயத்தில்தான் ஆட்கள் அழுகிறார்கள். செயலியைச் சைன் பண்ணும் சாவி உள்ள கோப்பான அன்ட்ரொயிட் கீஸ்டோர் அந்த ஒரே பெட்டியில் மட்டும் இருக்கும், இடி விழும், டிஸ்க் போகும். 2021 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கிய செயலி என்றால் பயனருக்குப் போகும் செயலியைச் சைன் பண்ணும் கடைசிச் சாவி கூகிளிடம் இருக்கிறது. உங்களிடம் இருந்து தொலைந்த ஏற்றும் சாவியை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம். அதற்கு முந்திய செயலியைக் கூகிளின் சைனிங்கில் சேர்க்காமல் விட்டிருந்தால், சாவி தொலைந்த அன்றோடு அந்தச் செயலிக்குப் புதுப்பிப்பே இல்லை. வேறு பெயரில் புதிய செயலியாகத்தான் போட வேண்டும், இருந்த பயனர்கள் பழையதோடு நிற்பார்கள். அப்பிள் பக்கம் இவ்வளவு மோசமில்லை: சைன் பண்ணும் சான்றிதழ் தொலைந்தால் இரத்துச் செய்து புதிதாக எடுக்கலாம். ஆனால் அது ஒரு வருடத்தில் காலாவதியாகும், டெஸ்ட்ஃபிளைட் பில்ட் 90 நாளில். இரண்டையும் கலண்டரில் எழுதி வையுங்கள். எங்கள் கீஸ்டோரின் இரண்டு பிரதி, மறைகுறியாக்கிய பென் டிரைவில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கிறது. ஒன்று முல்லைத்தீவில்.

பொது ரெப்போவுக்குச் சொந்த ரன்னரைக் கொடுக்கவே வேண்டாம். முகம் தெரியாத ஒருவர் அனுப்பும் மாற்றம் உங்கள் அறை மெசினில், உங்கள் வைஃபைக்குள் ஓடும்.

பில்ட் இலக்கத்தை மெசினிலிருந்தே எண்ணுவதும் வினைதான். மெசினைத் திரும்ப அமைத்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். பிளே ஸ்டோர் ஏற்கனவே பெற்ற வேர்ஷன் கோடை (பில்ட் இலக்கத்தை) திரும்ப ஏற்காது. ரெப்போவில் பதிந்த மாற்றங்களின் (கிட் கொமிட்) எண்ணிக்கையிலிருந்து எடுத்தால் பெட்டி செத்தாலும் இலக்கம் சாகாது.

இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பெட்டிகளை ஒழுங்காக நிற்பாட்டாமல், நாங்களே மெயின் சுவிட்சை விழுத்தி, யூபிஎஸ் சாகும் வரை பொறுத்து, திரும்பப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம். போன முறை வந்து பார்த்தபோது மக் மினி ஒரு பில்டை முடித்திருந்தது. லினக்ஸ் பெட்டி இருட்டாகக் கிடந்தது. மதர்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் பற்றரி செத்து, பெட்டி ஓன் ஆகும்போது முதலில் ஓடும் பயோஸில் போட்டிருந்த "கரண்ட் வந்தால் ஓன் ஆகு" அமைப்பு அழிந்துபோயிருந்தது. கையால் ஓன் பண்ணினால் கடிகாரம் பல வருடம் பின்னுக்கு நின்றது, கிட்ஹப்பின் சான்றிதழையே அது நம்ப மறுத்தது. பற்றரி மணிக்கூட்டுக் கடையில் கிடைத்தது.