ஃப்ரீபிபிஎக்ஸ் அலுவலகத் தொலைபேசியில் வெளி அழைப்புக்கு எண்ணை மறைப்பது எப்படி?

அலுவலகத்திலிருந்து அழைக்கும்போது எண் தெரியக் கூடாது என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு. மேசையிலுள்ள நேரடி எண் வெளியே போகக் கூடாது, திரும்ப அழைப்பவர் வரவேற்பு மேசைக்கே வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளில், ட்ரங்க் (வெளி உலகத்துக்கான இணைப்பு) அமைப்பிலுள்ள ‘அவுட்பவுண்ட் காலர் ஐடி’ கட்டத்தில் நிறுவனத்தின் பொது எண்ணை இட்டு, அருகிலுள்ள தெரிவில் ‘ஃபோர்ஸ் ட்ரங்க் சிஐடி’யைத் தேர்ந்தால் எல்லா அழைப்பிலும் அந்த ஓர் எண்ணே தெரியும். முற்றிலும் மறைத்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு. குடும்ப வன்முறைக்கு ஆளானவரைக் காப்பகம் ஒன்று அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் காப்பகத்தின் எண் பதிவாகியிருப்பதே அவருக்கு ஆபத்தாகலாம். இங்கே பிரிட்டனில் உள்ள அத்தகைய அலுவலகம் ஒன்று, எஸ்ஐபி ட்ரங்க் (இணையவழித் தொலைபேசி இணைப்பு) வழியாக ஃப்ரீபிபிஎக்ஸ் பயன்படுத்துவதாகக் கொண்டு வழிமுறையைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணை மறைப்பது என்றால் எண்ணை அனுப்பாமல் விடுவது அன்று. எண்ணை அனுப்பிவிட்டு, ‘மறுமுனைக்குக் காட்டாதே’ என்ற வேண்டுகோளையும் உடன் சேர்த்து அனுப்புவது. 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3325 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கான முறையை வகுத்தது: அழைப்பாளர் பெயருக்குரிய ‘ஃப்ரம்’ வரியில் அநாமதேய முகவரி இருக்கும், உண்மையான எண் ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’ (சுருக்கமாக பிஏஐ) என்ற தலைப்பு வரியில் பயணிக்கும், ‘பிரைவசி’ தலைப்பு அதைக் காட்ட வேண்டாம் என்று சொல்லும். கட்டணம் கணக்கிடவும் அழைப்பு உங்களுடையதுதான் என்று உறுதி செய்யவும் சேவை நிறுவனத்துக்கு அந்த எண் தேவை.

எல்லா அழைப்பையும் மறைப்பதைவிட, தேவைப்படும்போது மட்டும் மறைக்கத் தனி ரூட் (அழைப்பு வெளியேறும் வழி) ஒன்றை அமைப்பதே நல்லது. பிரிட்டனில் வீட்டுத் தொலைபேசியில் 141 அழுத்தி எண்ணை மறைப்பது பழகிப்போன ஒன்றாகையால், அதே எண்ணை முன்னொட்டாக வைத்துக்கொண்டால் ஊழியர்களுக்குத் தனியே கற்றுத்தர வேண்டியிராது. ‘கனெக்டிவிட்டி’ பட்டியலில் ‘அவுட்பவுண்ட் ரூட்ஸ்’ பக்கத்தைத் திறந்து புதிய ரூட் ஒன்றைச் சேர்த்து, வழக்கமான ட்ரங்கையே அதற்கும் தேர்ந்துகொள்ளுங்கள். ‘ரூட் சிஐடி’ கட்டத்தில் ஹிட்டன் என்ற சொல்லை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, ஓர் இடம் விட்டு, பொது எண்ணைக் கோண அடைப்புக்குள் எழுத வேண்டும். அடுத்துள்ள ‘ஓவர்ரைட் எக்ஸ்டென்ஷன்’ தெரிவை ‘யெஸ்’ ஆக்காவிட்டால், தன் பெயரில் தனி எண் வைத்திருக்கும் ஊழியரின் அழைப்பில் அந்த எண்ணே வெளியே போகும். முதலில் சொன்ன ‘ஃபோர்ஸ் ட்ரங்க் சிஐடி’யை ஏற்கெனவே வைத்திருந்தால் அது ரூட் அமைப்பையும் மீறிவிடும் என்பதால், அதை நீக்கியாக வேண்டும். டயல் பேட்டர்ன் பகுதியில் முன்னொட்டுக்கு 141 என்றும், பொருந்த வேண்டிய எண்ணுக்கு 0 ஒன்றும் அதன்பின் ஆங்கில எக்ஸ் பத்தும் (ஒவ்வொரு எக்ஸும் ஏதேனும் ஓர் இலக்கம்) இடுங்கள். முன்னொட்டு வெளியே போகாமல் உள்ளேயே கழிந்துவிடும். இந்த ரூட்டைப் பட்டியலில் மற்றவற்றுக்கு மேலே நகர்த்துங்கள். அவசர உதவி எண்ணாகிய 999-ஐ மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது அடுத்த படியில். இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும் அழைப்பு போகாமல், சேவை நிறுவனத்திடமிருந்து 403 என்ற மறுப்பு வரக்கூடும். அழைப்பாளர் விவரம் மறைக்கப்பட்டதும், ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் இயங்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் உண்மையான எண்ணையும் அனுப்பாமல் நிறுத்திவிடுகிறது. அழைப்பது யார் என்று தெரியாத நிறுவனம் கதவைச் சாத்துகிறது. ட்ரங்கின் பிஜேசிப் (எஸ்ஐபி இணைப்பைக் கையாளும் பகுதி) அமைப்பில், மேம்பட்ட பகுதிக்குச் சென்று, ‘சென்ட் ஆர்பிஐடி/பிஏஐ’ தெரிவில் பிஏஐ அனுப்பும்படியும், ‘சென்ட் பிரைவேட் காலர் ஐடி இன்ஃபர்மேஷன்’ தெரிவில் ‘யெஸ்’ என்றும் மாற்றுங்கள். சில நிறுவனங்கள் இந்தத் தலைப்புகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், எண்ணை மறைப்பதற்கு அவர்கள் ஏற்கும் முறை எது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நலம்.

சோதிக்கும்போது பக்கத்து மேசை எக்ஸ்டென்ஷனை அழைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அந்த அழைப்பு ட்ரங்கைத் தொடுவதே இல்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கைப்பேசிகளையும் ஒரு தரைவழித் தொலைபேசியையும் அழைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் சர்வரில், எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியை ஓடவிட்டால், அழைப்பைத் தொடங்க வெளியே போகும் ‘இன்வைட்’ செய்தியில் ஃப்ரம், பிஏஐ, பிரைவசி ஆகிய மூன்று தலைப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்த வசதி எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. பிரிட்டனில் விற்பனை அழைப்புகளில் எண்ணை மறைப்பது சட்டவிரோதம். இந்தியாவிலோ இவ்வசதி பொதுச் சந்தாதாரருக்குத் திறந்துவிடப்படவில்லை. அங்குள்ள அலுவலகம் பொது எண்ணைக் காட்டும் முதல் வழியோடு நின்றுகொள்ள வேண்டும். எண் தெரியாத அழைப்புகளை ஏற்க மறுக்கும் சந்தாதாரர்களும் உண்டு. அவர்களுக்காகவே 433 என்ற மறுமொழி எண் 2007-இல் வரையறுக்கப்பட்டது. அது வந்தால் உங்கள் அமைப்பில் பிழையில்லை. 141 இல்லாமல் மீண்டும் அழைப்பதா, வேறு வழியில் தொடர்புகொள்வதா என்பதை, எதிர்முனையில் இருப்பவரின் பாதுகாப்பை அறிந்த ஊழியர்தான் தீர்மானிக்க வேண்டும்.