மீன் டிரம்முக்கு ஏர்லிஃப்ட் பம்ப்: மோட்டாரைத் தண்ணீரில் இறக்காமலே

மொட்டை மாடியில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் மீன் வளர்க்கிறேன். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே முங்கும் மோட்டாரைப் போட்டால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும், பாசி அடைத்துக்கொள்ளும், கரண்ட் கசிவு பயம் வேறு. அதனால் என் டிரம்மில் ஓடுவது ஏர்லிஃப்ட், அதாவது குழாயின் அடியில் காற்று விட்டுத் தண்ணீரை மேலே வரவைக்கும் அமைப்பு. ஒரு முக்கால் இன்ச் பிவிசி குழாய், மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன ஏர் பம்ப், அதன் டியூப், ஒரு டி இணைப்பு, ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் காற்றை விடுவது), இவ்வளவுதான் சாமான்.

குழாயை 95 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, அடிமுனையில் நாலு இடத்தில் வி வடிவத்தில் வெட்டிவிடுங்கள். டிரம்மின் தரையில் நேராக நிற்கும், வெட்டு வழியாகத் தண்ணீரும் உள்ளே வரும்.

அடுத்தது காற்றுத் துளை. அடியிலிருந்து 5 செ.மீ. மேலே போடுங்கள். அதற்குக் கீழே போட்டால் பாதிக் காற்று வெட்டு வழியாக வெளியே ஓடிவிடும். டியூபின் வெளிவிட்டத்தைவிடத் துளை துளியூண்டு சிறிதாக இருக்கட்டும். டியூப் முனையைச் சாய்வாக வெட்டி உள்ளே நுழைத்து இழுத்தால் கவ்விக்கொள்ளும். எம்-சீல் பூசுகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. கழுவ வேண்டிய நாளில் கழற்ற முடியாது.

மேல்முனையில் எல்போ வேண்டாம், டி போடுங்கள். பக்கவாட்டு வாயில் தண்ணீர் கொட்டும், திறந்த மேல்வாயில் காற்று போய்விடும். எல்போ என்றால் இரண்டும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு துப்பும். கொட்டும் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்த ஜல்லித் தட்டில் விழுந்து, அடித்துளைகள் வழியாகத் திரும்ப உள்ளே இறங்கும்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். குழாய் முழுக்கக் குமிழி ஓடும், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. உடனே பெரிய பம்ப் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுவதில்லை. குழாய்க்குள் தண்ணீரும் குமிழியும் கலந்து லேசாகிவிடுகிறது, வெளியே இருக்கும் கனமான தண்ணீர்தான் அதை மேலே தள்ளுகிறது. ஆகவே துளைக்கு மேல் எத்தனை ஆழம் தண்ணீர் நிற்கிறது என்பதே முக்கியம்.

என் டிரம்மில் தண்ணீர் 70 செ.மீ. நிற்கும். துளைக்கு மேலே 65 செ.மீ. தண்ணீர், துளையிலிருந்து குழாய் உச்சி வரை 90 செ.மீ. 65-ஐ 90-ஆல் வகுத்தால் 0.72. குழாய்க்குள் இருக்கும் கலவை தண்ணீரின் எடையில் 72 சதவீதம் இருந்தால் உச்சியைத் தொட்டபடி அப்படியே நிற்கும், அதைவிட லேசானால்தான் கொட்டும். இந்த விகிதம் பாதிக்கு இறங்கினால் கலவையில் பாதிக்கு மேல் காற்றாக இருந்தாக வேண்டும், சின்ன பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. குழாயை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள்: முதலில் நன்றாகக் கொட்டும், பிறகு விட்டு விட்டுத் துப்பும், கடைசியில் உள்ளேயே குதித்துக்கொண்டிருக்கும்.

ஏர் பம்ப்புக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 10 மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ (ஒரு சதுர செ.மீ.க்கு) என்பது கணக்கு. 65 செ.மீ.க்கு 0.065 கிலோ போதும். காற்றை விட்டுத் தண்ணீர் எடுக்கும் தோட்டத்துக் கம்ப்ரசர் போர்வெல்லிலும் இதே கணக்குதான்: காற்றுக் குழாயின் முனைக்கு மேல் 60 மீட்டர் தண்ணீர் நின்றால், தொடங்கும்போது 6 கிலோ அழுத்தம் வேண்டும். காற்றை அவ்வளவு நெருக்கினால் சூடேறும், கம்ப்ரசர் தலையில் வரிவரியாகத் தகடுகள் இருப்பது அதற்குத்தான். கரண்ட் அதிகம் தின்னும். ஆனாலும் போருக்குள் சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது என்பதால் மணல் வந்தாலும் தேய எதுவும் இல்லை.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் வந்தவை. கரண்ட் போனதும் பம்ப்புக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்றார் ஒருவர். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். முடியாவிட்டால் செக் வால்வு கட்டாயம், வாயால் ஊதிப் பார்த்துத் திசை தெரிந்துகொண்டு பொருத்துங்கள். இன்னொருவர் இரண்டு இன்ச் குழாய் போட்டிருக்கிறார். அந்த அகலத்துக்குச் சின்ன பம்ப்பின் காற்று காணாது, குமிழி தனியே ஏறிப் போய்விடும். ஏர் ஸ்டோனை (காற்றைப் பொடிக் குமிழியாக்கும் கல்) குழாய்க்குள் வைக்கலாமா என்றும் கேள்வி. முக்கால் இன்ச்சில் அது பாதி வழியை அடைத்துவிடும், வெறும் டியூப் முனையே நல்லது.

வெயில் காலத்தில் ஓட்டம் குறைகிறது என்பவர்கள் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். 15 செ.மீ. வற்றினாலே விகிதம் 0.56-க்கு வந்துவிடும். டிரம்மின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதுவரை நிரப்பி வையுங்கள்.