நீர்யானையைப் பார்க்கப் போகும்முன்

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேல்பகுதியில் இருப்பதால், முழு உடலும் மூழ்கியிருக்க அவை மட்டும் வெளியே தெரியும். எதுவும் தெரியாவிட்டால் ஐந்தாறு நிமிடம் காத்திருங்கள். மூச்சுவிட மேலே வந்தே தீரும். ஜாம்பியாவின் லுவாங்வா ஆறு, உகாண்டாவின் கசிங்கா கால்வாய் இரண்டிலும் பெருங்கூட்டங்களைக் காணலாம்.

வாயை அகலப் பிளந்தால் கொட்டாவி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது எச்சரிக்கை. அரை மீட்டர் வரை வளரும் கோரைப்பற்களைக் காட்டி, விலகிப் போகச் சொல்கிறது. உடனே படகைப் பின்வாங்குங்கள். குட்டியோடு இருக்கும் தாய் இந்த எச்சரிக்கையைக்கூடத் தராமல் பாயலாம்.

கரையிலும் ஆபத்து அதிகம். இருட்டியதும் மேயக் கிளம்பி, ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும். விடியலில் அதே தடத்தில் ஆற்றுக்குத் திரும்பும். அந்தத் தடத்தில் நின்று தண்ணீருக்குப் போகும் வழியை மறித்தால், பயந்துபோன விலங்கு நேராக உங்கள்மேல் வரும். ஒன்றரை டன்னுக்குமேல் எடை, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். ஓடித் தப்ப முடியாது. புதரில் சிதறிய சாணம், அழுந்திய பாதை தெரிந்தால் அங்கே கூடாரம் அடிக்க வேண்டாம்.

தோலில் கசியும் செந்நிறத் திரவம் ரத்தமல்ல. வெயிலையும் கிருமிகளையும் தடுக்கும் சுரப்பு.