ஊருக்குப் போகும்போது எந்த கேமரா?

கோடியக்கரையில் நான் எடுத்த முதல் பூநாரைப் படத்தைச் சித்தப்பா மகனிடம் காட்டினேன். கேமராவின் பின்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "உப்பளத்துல சின்ன வெங்காயத்தக் கொட்டி வச்சிருக்காங்களாண்ணே?" என்று கேட்டான். லண்டனிலிருந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு போன டி.எஸ்.எல்.ஆர். அது, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா. பறவைகள் எங்கோ சேற்றுக்கு நடுவில் நின்றன. என்னிடம் இருந்ததோ கேமராவோடு பெட்டியில் வந்த 18-55 லென்ஸ் மட்டும்.

சூடு பட்ட பூனையாக, அடுத்த பயணத்துக்குச் சட்டைப்பையில் அடங்கும் முப்பது மடங்கு ஜூம் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். பூநாரை கால் முட்டி வரை தெளிவாக வந்தது. மறுநாள் சாயங்காலம், பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடத்தில் அப்பாயி விளக்கேற்றியதை அதே கேமராவில் எடுத்தேன். முகமெல்லாம் திட்டுத் திட்டாக, ஈரச்சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அப்பாயி பார்த்துவிட்டு, "ஏன்டா, எனக்கு அம்மையா போட்டிருக்கு?" என்றாள்.

இரண்டு முறை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது இது. காவிரிப் படுகைக்குக் கேமரா வாங்கும் முன் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: பையில் இருக்கும் போனால் முடியாத எதை எடுக்கப் போகிறேன்? பச்சை வயல், கல்லணை, படித்துறை, பெரிய கோயில் பிராகாரம், இதற்கெல்லாம் போனே தாராளம். மார்கழி விடியலில் வாசல் கோலத்தைக்கூட இன்றைய போன்கள் அழகாக எடுக்கின்றன, கோலம் அசையாதே. பங்குனியில் திருவாரூர் ஆழித்தேருக்குப் போகிறீர்களா? அலங்கரித்து நின்றால் 96 அடி. அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்குவதே பெரும்பாடு, கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

போன் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, வெகு தூரம். இன்னொன்று, இருட்டில் அசையும் மனிதர்கள். முதலாவதுக்குச் சூப்பர்ஜூம், அதாவது நான் இரண்டாவதாகக் கொண்டுபோன சட்டைப்பைக் கேமரா வகை. இரண்டாவதுக்கு டி.எஸ்.எல்.ஆர்., அதுவும் வெளிச்சம் நிறைய உள்ளே விடும் லென்ஸோடு. நம்மில் பாதிப் பேர் வாங்குவது டி.எஸ்.எல்.ஆரும் அதனுடன் வரும் கிட் லென்ஸும். அந்த ஜோடி இந்த இரண்டில் எதையும் ஒழுங்காகச் செய்யாது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் சென்சாரின் அளவு. பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லு அது. நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் 23.5 x 15.6 மில்லிமீட்டர். சட்டைப்பை சூப்பர்ஜூமில் இருப்பது ஏறக்குறைய 6.2 x 4.6 மில்லிமீட்டர். பரப்பில் பதின்மூன்று மடங்கு வித்தியாசம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஒரு மா நிலத்துக்கும் நாலு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கும் உள்ள வித்தியாசம். வெளிச்சத்தை மழை என்று வையுங்கள். பெய்வது ஒரே மழைதான், பிடிக்கிற தண்ணீர் வேறு. நல்ல வெயிலில் ஒரு மாவிலும் வேண்டிய அளவு தண்ணீர் நிற்கும். ஒற்றை பல்பு எரியும் கூடத்தில்தான் வண்டவாளம் வெளியே வரும்.

அதே சின்ன சென்சார்தான் ஜூமுக்கு வரமாகவும் இருக்கிறது. சென்சார் சிறிதானால் லென்ஸும் சிறிதாகும். பானாசோனிக் டி.இசட்.90 கேமராவில் 24 முதல் 720 மில்லிமீட்டர் வரை (பழைய பிலிம் கேமராக் கணக்கில்) போகலாம். எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்டே வரும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கே இசட்.எஸ்.70 என்று பெயர். கேனான் எஸ்.எக்ஸ்.740 இன்னும் கொஞ்சம் கூட, 960 வரை, எடை சுமார் 300 கிராம். டி.எஸ்.எல்.ஆர். கிட் லென்ஸை முழுக்க இழுத்தாலும் அதே கணக்கில் 83-க்கும் 88-க்கும் நடுவில் நின்றுவிடும். வெங்காயம் வந்த கதை புரிகிறதா?

சூப்பர்ஜூம் எங்கே கை கொடுக்கும்? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலில். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம் சுமார் 216 அடி உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மேல்தளச் சிற்பங்கள் வெறும் புடைப்புகள்தான். ஜூமை இழுத்து அடுக்கு அடுக்காக மேலே ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பாவம் இருக்கிறது. மதியம் போகாதீர்கள், கல் சுடும், காலில் செருப்பு இருக்காது, வெளிச்சமும் தட்டையாக விழும். காலை வெயில் முகப்பில் படும், மாலை வெயில் பின்பக்கத்தில் மஞ்சளாய் இறங்கும்.

தாராசுரத்தில் தலைகீழ். அங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பமும், நாயன்மார் கதைகளைச் சொல்லும் உள்ளங்கை அகலச் சிற்பங்களும் இருக்கும் கோயில். ஜூமுக்கு அங்கே வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்தச் சின்ன கேமராக்கள் ஜூமை இழுக்காமல் வைத்தால் பொருளுக்கு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்கும். டி.எஸ்.எல்.ஆர். கிட் லென்ஸுக்குக் கால் மீட்டர் இடைவெளியாவது வேண்டும். தாராசுரத்தில் என் டி.எஸ்.எல்.ஆர். படங்களைவிடச் சின்ன கேமராப் படங்கள்தான் நன்றாக வந்தன.

அப்புறம் பறவைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் இடையிலுள்ள வடுவூர் ஏரி, அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி, தெற்கே கோடியக்கரை, இதில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். மூன்றுமே உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை. கோடியக்கரைக்குப் போனால் வெளிமானும் கிடைக்கும். ஆனால் காலை எட்டு, எட்டரைக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் சேற்றிலிருந்து கானல் எழும்பி, தூரத்துப் பறவை தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். எத்தனை லட்சம் போட்டு வாங்கிய லென்ஸாலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஜூம் என்று வந்துவிட்டால் எண்ணைப் பார்த்து மயங்குவதும் சகஜம். நிக்கான் பி1000 என்று ஒன்று, 3000 மில்லிமீட்டர் வரை இழுக்கும், நிலவில் உள்ள குழிகளை எண்ணலாம். எடை 1.4 கிலோ. நாகப்பட்டினம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அந்த எடை எனக்கு வேண்டாம்.

இனி டி.எஸ்.எல்.ஆர். நியாயம். உங்கள் பயணத்தின் காரணம் கல்யாணமோ, அறுபதாம் கல்யாணமோ, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவோ என்றால் பறவையை மறந்துவிடுங்கள். கிட் லென்ஸோடு கூட ஒரு 50 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்ஸ் வாங்குங்கள் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). கேனானில் இது 160 கிராம்தான் இருக்கும், லென்ஸ்களிலேயே விலை மலிவானவற்றில் ஒன்று. இந்த ஒரு லென்ஸ் செய்யும் வேலையைக் கணக்காகவே சொல்கிறேன். கூடத்தில் பல்பு வெளிச்சம். முழுக்க இழுத்த சூப்பர்ஜூம் எஃப்6.4-இல் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்தான் படம் பதியும் என்று வையுங்கள். அதற்குள் அப்பாயி தலையைத் திருப்பிவிடுவாள். அதே வெளிச்சத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன் அளவு), எஃப்1.8 லென்ஸுக்கு நூறில் ஒரு பங்கு நொடி போதும். நாதஸ்வரக்காரரின் விரல் தெரியும். பெரிய சென்சார் என்பதால் ஐ.எஸ்.ஓ.வை இன்னும் ஏற்றினாலும் முகத்தில் அம்மை போடாது. பிளாஷை மட்டும் தொடாதீர்கள். விளக்கொளியில் இருக்கிற அழகை அது ஒரே அடியில் அடித்துவிடும்.

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500 உடலுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எஃப்1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் போகஸ் பண்ண வேண்டியிருக்கும். ஏ.எஃப்-எஸ் என்று எழுதியதைப் பார்த்து வாங்குங்கள், அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். 35 எஃப்1.8ஜி அந்த உடலுக்கு இன்னும் பொருத்தம், கூடம் சின்னதாக இருந்தாலும் பின்னால் நகர வேண்டியதில்லை.

டி3500 வந்தது 2018-இல், கேனான் 250டி 2019-இல் (வட அமெரிக்காவில் ரெபெல் எஸ்.எல்.3, இந்தியாவில் 200டி மார்க் 2). அதன்பின் இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் பக்கம், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராக்கள் பக்கம், போய்விட்டன. நமக்கு இதில் ஒரு லாபம், பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் நல்ல நிலையில் கைமாறுகின்றன. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் வரை எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. கல்யாண வீட்டில் பிளக் பாயிண்டைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சட்டைப்பைக் கேமராக்களுக்கு இருநூற்றுச் சொச்சம், முந்நூற்றுச் சொச்சம்தான், கூடுதல் பேட்டரி கட்டாயம்.

பெரிய கேமராவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதைத் தூக்கினாலே மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் காப்பரிசி கிளறிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்கள், கழுத்தில் டி.எஸ்.எல்.ஆரைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு விறைத்துவிட்டார்கள். "பேப்பர்ல போடுவீங்களா?" என்றார் ஒருவர். அடுத்த வருடம் சின்ன கேமரா. "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று மட்டும் கேட்டார்கள். தாத்தா பெயரைச் சொன்னேன், அனுமதி கிடைத்துவிட்டது. எந்தக் கேமராவானாலும் கேட்டுவிட்டு எடுங்கள், குளிக்கிறவர்கள் இருக்கும் படித்துறையில் கேட்காமலே கேமராவை உள்ளே வையுங்கள். கல்யாணத்தில் டி.எஸ்.எல்.ஆரோடு நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். "தம்பி, எங்களையும் ஒண்ணு" என்று பந்தி முடியும்வரை இழுப்பார்கள். எனக்கு வடை கிடைக்கவில்லை.

தூசிக்கும் மணலுக்கும் இரண்டுமே பயப்படும், வேறு வேறு விதமாக. தை அறுப்பு நடக்கும் களத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பதர்த்தூசி நேராக சென்சாரில் உட்காரும், பிறகு எல்லா வானத்திலும் ஒரே கரும்புள்ளி வரும். ஆனால் அதைத் துடைக்கலாம். சூப்பர்ஜூமின் குழல் நீண்டு சுருங்கும்போது மணலை இழுத்துக்கொண்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே கடற்கரையில் காற்றில் மணல் பறந்த அன்று என் சின்ன கேமரா கர்ர் என்று ஒரு சத்தம் போட்டு, பாதி நீட்டிய மூக்கோடு நின்றுவிட்டது. கடற்கரைக்குப் போனால் போனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்களுக்கு: ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் சற்றுப் பொறுங்கள். ராத்திரி பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். புது ஷூ வாங்கினால் வருவதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னதிலிருந்து சில கோயில்களில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கேமராவும் உள்ளே போகாமல் போகலாம், முதலில் கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறைக் கோயில்களில் கையில் பிடித்து எடுக்கலாம், ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோனை மட்டும் கொண்டு வரவே வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உபரி பேட்டரிகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். லண்டன், சிங்கப்பூர், மலேசியாவின் சதுர முள் பிளக் நம்மூர்ச் சுவரில் ஏறாது, உருண்டை முள் அடாப்டர் ஒன்று தேவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரு அங்குல சென்சார் உள்ள பானாசோனிக் டி.இசட்.100 (250 வரை), டி.இசட்.200 (360 வரை), சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாவது மாடல் (200 வரை). சட்டைப்பை சென்சாரைவிட நாலு மடங்கு பெரிது, டி.எஸ்.எல்.ஆரில் மூன்றில் ஒரு பங்கு. சோனி விலை கண்ணைக் கட்டும். கல்யாணமும் இல்லை, பறவைப் பித்தும் இல்லை, கோயில் கோயிலாகச் சுற்றப் போகிறேன் என்றால் பழைய டி.இசட்.100 ஒன்றைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டு அடுப்பங்கரையில் இரவு நேரத்தில் எடுத்துப் பழகுங்கள்.

நான் போன தையில் கொண்டுபோனது பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 லென்ஸும் மட்டும். கோடியக்கரை போகவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, அப்பாயி விளக்கேற்றும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். வாங்கித் தூரமாக நீட்டிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது பரவால்ல. ஆனா கசங்குன பொடவையில இருக்கேன் பாரு. இரு, பட்டு கட்டிக்கிட்டு வாறேன், வேற எடு."