நடந்தே எல்லாம் முடிகிற இடத்தில் வீடு பார்ப்பது எப்படி

வீட்டு விளம்பரத்தில் ‘கடை, பள்ளி, பஸ் நிறுத்தம் எல்லாம் 500 மீட்டருக்குள்’ என்று போட்டிருந்தால் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த 500 மீட்டர் பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்ததாக இருக்கும். நடுவில் ஒரு தண்டவாளமோ, கால்வாயோ, சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வளாகமோ வந்தால் அதே தூரம் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும், அப்புறம் யாரும் நடக்க மாட்டார்கள், வண்டிச் சாவியைத்தான் எடுப்பார்கள்.

வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாள் எடுத்து, போன மாதம் எங்கெங்கே போனீர்கள், எத்தனை தடவை போனீர்கள் என்று வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். பூங்காவும் நூலகமும் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான், ஆனால் வாரத்தில் ஐந்து நாள் போகிற இடம் பஸ் நிறுத்தம், பிள்ளையின் பள்ளி, மளிகைக்கடை, மருந்துக்கடை என்றுதான் பட்டியல் வரும். ஆசைப்படுகிற இடங்களைத் தனியாக வையுங்கள். அடிக்கடி போகிற நாலைந்து இடங்களை வைத்துத்தான் வீட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். 400 மீட்டருக்கு 5 நிமிடம், 800 மீட்டருக்கு 10 நிமிடம். இந்தக் கணக்கு புதிதல்ல, அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் அறிஞர் கிளாரன்ஸ் பெரி 1929இல் குடியிருப்புப் பகுதிக்கான திட்டத்தை வகுத்தபோதே, நடுவில் பள்ளி, அதிலிருந்து கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் வீடுகள் என்றுதான் யோசித்தார். என் கணக்கில் தினம் போகிற இடம் 10 நிமிடத்துக்குள், வாரம் ஒருமுறை போகிற இடம் 20 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதல் மாதம் உற்சாகமாக நடப்போம், அவ்வளவுதான்.

இனி தூரத்தை ஒழுங்காக அளக்கலாம். வரைபடச் செயலியில் நடைவழியைத் தேர்ந்தெடுத்து வருகிற தூரத்தை, நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்கிற இடத்தில் இந்த எண் பெரும்பாலும் 1.4ஐத் தாண்டாது. 2க்குப் பக்கத்தில் வந்தால் முட்டுச்சந்துகள் அதிகம், அல்லது ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது. குறுக்குத் தெருக்கள் நிறைய இருக்கிற பகுதியில் ஒரு தெருவைத் தோண்டிப் போட்டாலும் அடுத்த தெரு வழியாகப் போய்விடலாம். சில நாடுகளில் ‘வாக் ஸ்கோர்’ என்று 100க்கு மதிப்பெண் தருகிற தளம் 2007இலிருந்து இருக்கிறது. கடைகள், பள்ளிகள் எவ்வளவு பக்கம், தெருக்கள் எவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கின்றன என்று அது பார்க்கும். நடைபாதை உடைந்து கிடக்கிறதா, நிழல் இருக்கிறதா என்பதை உங்கள் கால்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வழியில் கடக்க வேண்டிய பெரிய சாலை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 18 மீட்டர் அகலச் சாலையை, நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 15 நொடியில் கடந்துவிடுவார், நொடிக்கு 0.8 மீட்டர் போகிற வயதானவருக்கு 22 நொடிக்கு மேல் ஆகும். பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று அங்கேயே நின்று எண்ணுங்கள். நடுவில் நிற்கத் திட்டு இருக்கிறதா, அல்லது நடைமேம்பாலத்தில் ஏறித்தான் போகணுமா என்றும் பாருங்கள், முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் படிக்கட்டு ஒரு சுவர் மாதிரிதான். வண்டிகளின் வேகமும் முக்கியம்: 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியின் மோதல் ஆற்றல், 30இல் வருவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப மனம் வருமா என்பதை இந்த ஒரு சாலைதான் முடிவு செய்யும்.

நடைபாதை இருந்தால் மட்டும் போதாது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் வேண்டும், அதிலே வண்டி நிறுத்தியிருந்தால் எத்தனை மீட்டர் இருந்தும் பயனில்லை.

அப்புறம் நேரில் போங்கள், வீட்டுக்குள் பார்ப்பதற்குச் செலவிடுகிற நேரத்தை விட அதிக நேரம் தெருவில் செலவிடுங்கள். காலையில் பள்ளி நேரத்தில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, முடிந்தால் மழை பெய்த மறுநாள். இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு கடையிலிருந்து வீடு வரை நடங்கள், ஏற்றம் இருந்தால் அப்போதுதான் தெரியும். இரவில் தெருவிளக்கு எரிவதோடு ஆள் நடமாட்டமும் இருக்க வேண்டும். பெரிய மதில்சுவர் நீளமாகப் போகிற தெருவை விட, கதவும் ஜன்னலும் தெருவைப் பார்த்து இருக்கிற தெரு எவ்வளவோ மேல். வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரையும் ஒரு தடவை கூட்டிப் போங்கள், அவர் பேச்சுக்கு அதிக மதிப்பு கொடுங்கள்.

கடைத்தெருவின் மேலேயே வீடு எடுக்கச் சொல்லவில்லை. சத்தமும் சரக்கு வண்டியும் தூங்க விடாது. ஒன்றிரண்டு தெரு உள்ளே தள்ளி எடுத்தால் இரண்டு நிமிட நடைதான் கூடும்.

பஸ் நிறுத்தம் பக்கம் என்பதோடு பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, கடைசி பஸ் எப்போது, திரும்பி வரும்போது இறங்கும் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மணிக்கு ஒன்று வருகிற பஸ்ஸை நம்பி வண்டியை விற்க முடியாது.

வாடகை கூடுதலாக இருக்கும், பெரும்பாலும் வீடும் சிறியதாக இருக்கும். அப்போது ஒரு வண்டியைக் குறைத்தால் எரிபொருள், காப்பீடு, பழுது, கடன் தவணை என்று மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று எழுதி, வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். வாங்குவதாக இருந்தால் முதலில் அதே பகுதியில் சில மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. ஒரே ஒரு மளிகைக்கடையை நம்பியிருக்கிற பகுதி என்றால் யோசியுங்கள், அது மூடினால் கணக்கே மாறிவிடும். பக்கத்துக் காலி நிலத்தில் என்ன வரப்போகிறது, முன்னால் இருக்கிற சாலையை அகலப்படுத்தும் திட்டம் உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.